கரிக்காரனின் இடது கன்னம்

டிசம்பர் பதினெட்டு.
பிரனீஸ் மலையின் மேற்கு மடிப்பில்
மூன்று நாளாக மழை விடவில்லை.
நகராட்சிக் கிடங்கின் கூரை ஒழுகி
நேராக அவன் முகத்தில் விழுந்திருக்கிறது.
இடது கன்னம் கூழ்.
இன்னும் ஆறு நாளில் தெருவிறங்க வேண்டும் அவன்,
பரிசு மூட்டையும் நல்ல முகமுமாக.

உசோவாவிடம் சாவியைக் கொடுத்தார்கள்.
தண்ணீர் வரி எழுதுகிறவள்.
"உனக்குத்தான் கை சுத்தம்" என்றார்கள்.
பசை, பழைய நாளிதழ், ஒரு வாளி வெந்நீர்,
வானொலியில் பந்தாட்ட வர்ணனை.

நனைந்ததை உரித்தால்தான் புதிது ஒட்டும்.
உரித்தாள்.

முதல் தோல் போன வருடத்தது.
இளஞ்சிவப்பு. பல் தெரிகிற சிரிப்பு.
உதட்டோரம் அடைத்த துளை ஒன்று:
புகைக்குழாய் செருகியிருந்த இடம்.
பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று
ஏழுக்கு நாலு வாக்கில் பிடுங்கிய குழாய்.
மதுத்தோல்பையும் அதே கூட்டத்தில் போனது.
தொப்பை பற்றிய தீர்மானம்
அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பு.

அடியில் எழுபத்தெட்டாம் வருடத்துத் தாள்.
கோணல்மாணலாக,
ஒட்டியவர்கள் பாடிக்கொண்டே ஒட்டியது போல.
முதுகில் மூட்டை ஏறியது அப்போதுதான்.
அதற்கு முன் அவன் யாருக்கும் எதுவும் தந்ததில்லை.
அவனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்
முட்டையும் கஷ்கொட்டையும் பன்றிக்கொழுப்பும்
இவர்கள்தான் வாங்கித் தின்றார்கள்.
கேட்டு வந்தவன்
கொடுக்க வந்தவனாக மாறியது எந்த இரவில்?
தாளில் தேதி கிழிந்திருந்தது.

அதற்கும் அடியில் நாற்பதுகள்.
சாம்பல் நிற, கெட்டியான தாள்.
வரிக்கு வரி தலைநகரத்து மொழி;
பாஸ்க்கில் ஒரு சொல் இல்லை.
ஊர்வலம் கூடாது, பாட்டு கூடாது.
ஆனாலும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள்,
கொட்டிலில், மாட்டு மூச்சின் சூட்டில்,
விளக்கில்லாமல்.
விரல் ரேகை பசையில் அப்படியே நின்றது.
அச்சான பக்கத்தை உள்ளே திருப்பியிருந்தார்கள்,
எழுத்து இருட்டைப் பார்க்கும்படி.

உசோவா வானொலியை அணைத்தாள்.

அதன் பிறகு முகமே இல்லை.
வைக்கோல்.
வைக்கோல் நெடுக
சிவப்புத் துணிப் பொட்டுகளாய்க் கண்கள்.
ஒன்று, இரண்டு, பதினாறு.
எண்ணுவதை நிறுத்தினாள்.
வருடத்தில் எத்தனை நாளோ அத்தனை கண் அவனுக்கு
என்று கேள்விப்பட்டிருக்கிறாள்.
காட்டில் கரிமூட்டம் போட்டவன்.
ஆண்டின் மிக நீண்ட இரவில்
புகைபோக்கி வழியே இறங்கி
இன்னும் தூங்காதவன் கழுத்தை...
சொல்கிறவர்கள் அந்த இடத்தில்
எழுந்து அடுப்புக்குள் கட்டை தள்ளுவார்கள்.

இன்னும் கொஞ்சம் கைவிட்டாள்.
சுரீர்.

அரிவாள்.
துருவேறிய பிறைத்துண்டு
எத்தனை குளிர்காலமோ கழுத்துக்குள் காத்திருந்து
தண்ணீர் வரிக்காரியின் ஆள்காட்டி விரலை
அடையாளம் கண்டுகொண்டது.

பழந்தமிழில் கரி என்றால் சாட்சி.
அவளுக்கு இது தெரியாது.
எனக்குத் தெரியும் என்பதால்
இங்கே நடுவில் நுழைக்கிறேன்.

குழுவிடம் காட்டலாம்.
கண்ணாடிப் பெட்டி, விளக்கு, இரண்டு மொழியில் அட்டை.
உசோவா அதைக் கைக்குட்டையில் சுற்றி
இருந்த இடத்திலேயே செருகினாள்.
மேலே வைக்கோல்.
மேலே, திருப்பியது திருப்பியபடி, சாம்பல் தாள்.
மேலே எழுபத்தெட்டின் கோணல்.
எல்லாவற்றுக்கும் மேலே நேற்றைய நாளிதழ்:
மின்கட்டண உயர்வு, பனிப்பொழிவு எச்சரிக்கை,
காணாமற்போன ஒரு நாய்.

வலது கன்னத்தோடு சேரவில்லை நிறம்.
சிவப்புக் குப்பி வறண்டு கிடந்தது.
கடை சாத்தியாயிற்று.
கட்டு நெகிழ்ந்த விரலை
அவள் ஒரு முறை பார்த்தாள்.

இருபத்துநாலு மாலை.
ஐந்து வயது கய்ஸ்கா அப்பாவின் தோளிலிருந்து எக்கி
கூட்டத்துக்கு மேலே, அந்தக் கன்னத்தில்தான்,
ஈரமாக ஒரு முத்தம் வைத்தான்.
உதட்டை நக்கிக்கொண்டு
மிட்டாய்க்குக் கை நீட்டினான்.
"அப்பா, உப்புக் கரிக்கிறான்."